மாடிப்படிக்கு அடியில் ஐந்து கேன்கள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் பம்ப் செட் வந்த அட்டைப்பெட்டிக்கும் நடுவில், நான்கு லிட்டர் ஆயில் கேன்கள் ஐந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தன. கடையிலிருந்து வந்தபோது தேன் நிறத்தில் இருந்த ஆயில் எஞ்சினுக்குள் போய், கறுத்து, மறுபடியும் அதே கேன்களுக்குள் திரும்பியிருந்தது. மொத்தம் ஏறத்தாழ 19 லிட்டர். வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அவற்றை ஒருமுறை பார்ப்பார், என்னை ஒருமுறை பார்ப்பார். "இதை எப்பத்தாங்க கடத்துவீங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்ற மாதம் நான்கு கேன்கள் போயின. ஐந்தாவது போகவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பதால் முழுக்கதையையும் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

கோவையில் பிறந்து, பள்ளி விடுமுறைகளை லேத் பட்டறைகளில் கழித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சொந்த வண்டிக்கு ஆயில் மாற்ற இன்னொருவரிடம் கொடுப்பது அந்தக் காலத்தில் சற்றுக் கூச்சத்துக்குரிய செயலாகவே இருந்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் அடியில் உள்ள ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்து, கறுப்பு நூல் போல அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. வீட்டில் நூறு சிசி பைக் ஒன்று, ஸ்கூட்டர் ஒன்று, சிறிய பெட்ரோல் கார் ஒன்று. பைக்குக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், ஸ்கூட்டருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும், காருக்கு மூன்று லிட்டருக்கு மேலும் பிடிக்கும். இரு சக்கர வண்டிகளுக்கு ஆண்டில் மூன்று முறை, காருக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால், ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பத்தின் கையில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லிட்டர் பழைய ஆயில் சேர்ந்துவிடுகிறது. ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. மாற்றிய ஆயிலை வைத்துக்கொண்டு விழிப்பதற்குத்தான் எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

என் தந்தையின் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. கிராமத்து வீட்டில் பழைய ஆயிலைக் குப்பை என்று யாரும் நினைக்கவில்லை. அது கேட்டு வாங்கிப் போகும் பண்டம். டிராக்டர் வைத்திருந்த பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு தகர டப்பாவில் வந்துசேரும். மாட்டுத் தொழுவத்தின் மரக்கால்களுக்குக் கரையான் ஏறாமலிருக்கப் பூசுவார்கள். சைக்கிள் செயினுக்கும் கிணற்று உருளைக்கும் கதவுக் கீலுக்கும் விடுவார்கள். மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் கலப்பைக் கொழுவுக்குத் துரு பிடிக்காமலிருக்கத் தடவுவார்கள். வீடு கட்டும் இடங்களில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கச் சென்ட்ரிங் தகட்டுக்கு அடிப்பது இன்றும் நடக்கிறது. இவற்றையெல்லாம் விடக் கொடியது, சொறி பிடித்த தெருநாயின் உடம்பு முழுவதும் இந்த ஆயிலைப் பூசிவிடும் வழக்கம். அது நாய்க்குச் செய்யும் புண்ணியம் என்றே நாங்கள் நம்பினோம். நாய் தன் உடம்பைத் தானே நக்கும் என்பதும், பூசியது அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போகும் என்பதும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்து மனிதர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஒரு பொருளை எளிதில் தூக்கியெறியாத அவர்களுடைய சிக்கனம் எனக்கு இன்றும் பிடித்தமானதே. ஆனால் விளக்கெண்ணெயையும் வைக்கோல் கரியையும் குழைத்து வண்டி அச்சுக்கு மை போட்ட கையே பின்னர் எஞ்சின் ஆயிலையும் எடுத்தது. இரண்டையும் ஒரே இனமாகக் கருதியதுதான் பிழை. விளக்கெண்ணெய் மண்ணில் சிந்தினால் சில வாரங்களில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். எஞ்சினிலிருந்து இறங்கிய ஆயிலை அவற்றால் அவ்வளவு எளிதில் தீர்க்க முடிவதில்லை.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் அந்த ஆயில் படும் பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய ஆயிலே வெறும் எண்ணெய் அன்று. பெட்ரோலியத்திலிருந்து பிரித்த அடிப்படை எண்ணெயோடு, தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட ஒரு சேர்மம், கரியை ஓரிடத்தில் படியவிடாமல் மிதக்க வைக்கும் சோப்பு போன்ற சேர்மங்கள், நுரையைக் கட்டுப்படுத்தும் பொருள் எனப் பலவும் அதில் உண்டு. ஆயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது என்பதற்குத்தான் அந்தக் கறுப்பு அடையாளம். அதே சமயம், ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் எரியாத பெட்ரோலும் புகையும், எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் குறுகிய பயணங்களில் உள்ளே படியும் நீரும், தேயும் உதிரிப்பாகங்களிலிருந்து வரும் இரும்பு, செம்பு, அலுமினியத் துகள்களும் அதில் சேர்ந்துகொண்டே போகின்றன. நம் பைக்குகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் ஒரே ஆயில் என்பதால் கிளச் தட்டின் தேய்மானமும் அதனுள்ளேயே விழுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்படும் வரை ஈயமும் தாராளமாகச் சேர்ந்தது. 

இவற்றிலெல்லாம் கவலைக்குரியவை, எரிதலின்போது உருவாகி ஆயிலில் கரையும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கும் தன்மை கொண்டவை. ஆயில் எவ்வளவு நாள் எஞ்சினில் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அவை கூடுகின்றன. பழைய எஞ்சின் ஆயிலைத் தொடர்ந்து தோலில் தடவிய எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்ததை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கோவை அன்று. கோவைக்கு மான்செஸ்டர் என்று பட்டப்பெயர் வரக் காரணமான அந்த இங்கிலாந்து மான்செஸ்டரும் அதன் லங்காஷயர் வட்டாரமும்தான். அங்கிருந்த பஞ்சாலைகளில் 'மியூல்' என்ற நூற்பு எந்திரத்தின் மீது குனிந்து வேலை செய்தவர்களின் ஆடையில், சுழலும் கதிர்களிலிருந்து கனிம எண்ணெய் தெறித்து ஊறியது. பல ஆண்டுகள் அப்படி ஊறிய இடத்தில், விதைப்பையின் தோலில், அவர்களுக்குப் புற்றுநோய் வந்தது. 1920களில் மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். எந்தவகை எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் விதி பிரிட்டனில் 1953இல்தான் வந்தது. ஆண்டுக்கு ஏழு முறை ஆயில் மாற்றும் என் போன்றவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. நாள் முழுவதும் அதில் கை நனைக்கும் மெக்கானிக்குக்கு உண்டு. ஆயினும் அதற்குப் பிறகு நான் நைட்ரைல் கையுறை இல்லாமல் போல்ட்டைத் தொடுவதில்லை. ஆயில் துடைத்த துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழைய பழக்கத்தையும் விட்டுவிட்டேன். கையில் பட்டுவிட்டால் பெட்ரோலால் கழுவுவது அதைவிட மோசம். கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் திருந்தியதாகச் சொல்லிக்கொண்டால் அது பொய். திருந்தியது ஒரு கிணற்றால்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, மொட்டை மாடித் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் ஒரு குழியில் இறங்கி, சரளைக்கல்லும் மணலும் வழியாகக் கிணற்றுப் பக்கம் ஊறுமாறு அமைத்தோம். ஊரே குழி வெட்டிய காலம் அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோடையில், காம்பவுண்டுச் சுவரோரம் பார்த்தீனியம் மண்டியிருந்ததையும், சுவரில் கரையான் புற்றுக் கோடு ஏறியிருந்ததையும் ஒரே கல்லில் தீர்த்துவிடலாம் என்று எண்ணி, சேர்த்து வைத்திருந்த பழைய ஆயில் ஐந்து லிட்டர் அளவுக்குச் சுவரின் நீளத்துக்கும் ஊற்றினேன். பார்த்தீனியம் கருகியது. கரையானும் சில வாரம் வரவில்லை. நான் என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டிருந்தபோது சித்திரை மாதத்து இடிமழை ஒன்று அடித்துக் கொட்டியது. சுவரோரத்து மண்ணைக் கழுவிக்கொண்டு ஓடிய தண்ணீர், அது போவதற்காக நானே வெட்டிக்கொடுத்திருந்த வழியில் நேராக மழைநீர்க் குழிக்குள் இறங்கியது.

இரண்டு நாள் கழித்து அம்மா குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணீல சீமெண்ணெ வாசம் வருதே கண்ணு" என்றார். கிணற்றை எட்டிப் பார்த்தபோது நீர்ப்பரப்பில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குடிப்பதற்குச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்ததால் பிழைத்தோம். பாத்திரம் கழுவவும் குளிக்கவும் கூட அந்தக் கிணற்றை மறுபடி தொட அடுத்த ஐப்பசி மழை ஆயிற்று. பார்த்தீனியமோ ஆடி மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

அந்தப் படலத்தின் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். வானவில் நிறங்கள் தெரிய வேண்டுமானால் எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு கனம் இருந்தாலே போதும். அந்தக் கனத்தில் பரப்பினால் ஒரு லிட்டர் ஆயில் முக்கால் ஏக்கருக்கும் மேலான குளத்துப் பரப்பை மூடிவிடும். ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதுமானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு உலகெங்கும் சுவரொட்டிகளில் இடம்பெறுகிறது. அவ்வளவு துல்லியமாக ஒன்றுக்குப் பத்து லட்சம் என்பதில் பிரச்சாரத்தின் வாசனை அடிக்கிறது என்று முன்பு நினைத்திருந்தேன். அம்மா முகர்ந்த குடத்துக்குப் பிறகு அந்த எண்ணோடு நான் சண்டைக்குப் போவதில்லை. தண்ணீரைப் பயன்படுத்த முடியாமல் ஆக்குவதற்கு அது நஞ்சாக மாற வேண்டியதில்லை. வாசனை வந்தாலே போதும்.

சாக்கடையில் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் சாக்கடை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நொய்யல். திருப்பூர்ச் சாயத்துக்காக அந்த ஆற்றை நினைத்துக் கோபப்படும் நாம், நம் பங்கைச் சொல்லாமல் அனுப்பிவைக்கிறோம் என்பது மட்டும்தான் வேறுபாடு. தேங்கிய நீரில் கொசுப்புழுவைக் கொல்ல எண்ணெய் விடுவதில்லையா என்றும் கேட்பார்கள். கொசு ஒழிப்புத் திட்டத்தில் அதற்கெனவே தயாரித்த எண்ணெய் இருக்கிறது. கறுத்த எஞ்சின் ஆயில் அதற்கு மாற்று ஆகாது.

ஆகவே சேர்த்து வைப்பது என்று முடிவு செய்தேன். சேர்த்து வைப்பது எளிது என்று அப்போது நினைத்தேன். முதல் தவறு, இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தது. கறுப்பு கோலா இருந்த பாட்டிலில் அதே நிறத்தில் ஆயில். விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன், ஏழு வயது, அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது என் மனைவி பார்த்துவிட்டார். மண்ணெண்ணெய்யைத் தண்ணீர் என்று குடித்த குழந்தைகளைப் பற்றி நாம் எத்தனையோ முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம். இத்தகைய எண்ணெய்களை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் உணவோ குடிநீரோ இருந்த எந்தப் பாத்திரத்திலும் ஆயில் இருக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவர் என் மனைவி.

ஆயில் வந்த கேனே அதை வைப்பதற்குச் சிறந்த பாத்திரம். அதன் கெட்டியான பிளாஸ்டிக் பெட்ரோலியத்துக்குக் கரையாது, மூடி கசியாது, மேலே ஆயில் என்று அச்சிட்டும் இருக்கும். புது ஆயிலை எஞ்சினுக்குள் ஊற்றியதும் அந்தக் கேனைத் தூக்கியெறியாமல், அன்றே பழையதை அதில் நிரப்பிவிட்டால் பாத்திரம் தேடும் வேலை இல்லை. ஆயிலை ஏந்துவதற்கு இன்னொரு பழைய கேனைப் படுக்க வைத்து, மேலே இருக்கும் பக்கத்தைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டால் தாம்பாளம் போல ஆகிவிடும். அதன் வாய் அப்படியே இருப்பதால் மூடியைத் திறந்து புனலில் சிந்தாமல் சரிக்கலாம். இந்த யோசனை எனக்குத் தோன்றியதன்று. ஒரு மெக்கானிக்கிடம் பார்த்துக் கற்றது. இதற்காகக் கடையில் தனித் தட்டு விற்கிறார்கள், வாங்க வேண்டிய தேவையில்லை.

கேன்களை வெயில் படாத, சமையலறைக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் தள்ளிய இடத்தில், அடியில் ஒரு தட்டோடு நிறுத்தி வைக்க வேண்டும். புதிய ஆயில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் ஆவியைத் தரும். பழைய ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம் என்பதால் அந்த வரம்பை நம்ப முடியாது. மூடிக்கு மேல் சிறிது இடம் விட்டே நிரப்ப வேண்டும். சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவுவது அதைப் பரப்பும் வேலைதான். மரத்தூளோ உமியோ உலர்ந்த மணலோ தூவி, ஊறியதும் வாரி எடுக்க வேண்டும். திறந்த வெளியில் பேரல் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. மேல் மூடியில் மழைநீர் தேங்கினால், பகல் வெயிலில் விரிந்த உள்காற்று இரவில் சுருங்கும்போது, இறுக்கி மூடிய மூடியின் திருகு வழியாகவும் அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பேரலுக்கு அடியில் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து நிறுத்தினால், மூடி இருக்கும் பக்கத்தில் நீர் தேங்காது.

இவ்வளவு கவனமாக இருந்த நான் ஐந்தாவது கேனில்தான் கோட்டைவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து கேன் சேர்ந்ததும் கொடுக்க இடம் தேடினேன். தினமும் வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் கேட்டபோது, "அய்யோ, இதெல்லாம் எங்க வண்டியில ஏத்த மாட்டமுங்க" என்று மறுத்தார். அவர் செய்தது சரி. மக்கும் குப்பையில் போனால் உரம் கெடும், மக்காத குப்பையில் போனால் பிரிப்பவர் கையில் வழியும். வீடுகளில் சேரும் அபாயகரமான கழிவுகளைப் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு சேகரிப்பு மையம் அமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொன்னன. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், காலாவதியான மருந்து, பேட்டரி என்று அந்த விதிகளின் பட்டியல் போனது. விதி எழுதிப் பல ஆண்டுகள் ஆகியும் அப்படியொரு மையத்தின் பலகையை என் நடமாட்டத்தில் நான் பார்க்கவில்லை.

அடுத்து பழைய இரும்புக் கடை. அங்கே கடைக்காரருக்கு ஆயிலில் ஆர்வமில்லை, கேன்களில் இருந்தது. "மூடியோட, லேபிள் கிழியாம இருந்தா தனி ரேட்டுங்க" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை; கேட்கத் தேவையும் இல்லை. வடிகட்டி நிறம் தெளிய வைத்த பழைய ஆயிலைப் பிரபல நிறுவனங்களின் காலிக் கேன்களில் அடைத்துப் புதியதாக விற்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் திருட்டு. ஒழுங்கான மெக்கானிக் ஆயில் ஊற்றி முடித்ததும் கேனில் ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்துவது இதனால்தான். காலிக் கேனை எடைக்குப் போடுகிறவர்கள் அதைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போட வேண்டும். அது பத்து நொடி வேலை.

கடைசியில் விடை, ஒவ்வொரு முறையும் நான் உதிரிப்பாகம் வாங்கப் போகும் தெருவின் மூலையிலேயே இருந்தது. அங்கே ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் நீல நிற பேரல் ஒன்று, வாயில் பெரிய புனலோடு நிற்கும். வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேன். "வேஸ்ட் ஆயிலுங்களா? கொண்டாந்து ஊத்திருங்க சார். பேரல் ரொம்புனா ஏவாரி வந்து எடுத்துக்குவாரு" என்றார் அவர், இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா என்பது போல. 200 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் பேரல் அது. ஒரு வீட்டின் நான்கு லிட்டரை வாங்க எந்த வியாபாரியும் வரமாட்டார். பேரல் நிறைந்தால் லிட்டருக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கிப் போவார். கொட்டினால் கிணற்றைக் கெடுக்கும் அதே பொருள், போதிய அளவு ஓரிடத்தில் சேர்ந்தவுடன் சரக்காகிவிடுகிறது. வீட்டில் அதைச் சேமிப்பதன் பொருளே, அது சரக்காகும் வரை காத்திருப்பதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் வியாபாரி எங்கே கொண்டுபோகிறார்? இதைக் கேட்டபோது ஒர்க்‌ஷாப்காரர் சிரித்தார். இந்தச் சிரிப்பில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. பழைய ஆயில் போகும் வழிகள் மூன்று. ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலை. இரண்டாவது, ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக அடுப்புகளில் எரிபொருள். மூன்றாவது, சென்ட்ரிங் தகடும் கரையான் மரமும் கள்ளக் கேனும்.

நாம் பேச்சில் 'வேஸ்ட் ஆயில்' என்று சொல்வதைச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அபாயகரமான கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகள், எஞ்சினிலும் கியரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இருந்து வருவதைப் 'பயன்படுத்திய எண்ணெய்' என்றும், பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கப்பல்களிலும் சிந்துவதையும் தொட்டி அடியில் படிவதையும் 'கழிவு எண்ணெய்' என்றும் பிரிக்கின்றன. முன்னது மறுசுத்திகரிப்புக்கு உரியது. பின்னது, தரம் பொருந்தினால் எரிபொருளாகலாம். மறுசுத்திகரிப்புக்குத் தகுதி பெற அதில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கும், ஆர்செனிக் 5 பங்குக்கும் மிகக் கூடாது என்பன போன்ற வரம்புகள் உண்டு. வெறும் வார்த்தை விளையாட்டாக இது எனக்குத் தோன்றவில்லை. 'வேஸ்ட்' என்று பெயர் வைத்தவுடனேயே அதை எரித்தாலும் ஊற்றினாலும் ஒன்றுதான் என்ற மனநிலை வந்துவிடுகிறது.

மறுசுத்திகரிப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிய கருத்து. எஞ்சினில் ஆயில் அழிவதில்லை, அழுக்காகிறது; தீர்ந்துபோவது அதில் சேர்த்திருந்த பொருள்கள்தான். முதலில் சூடாக்கித் தண்ணீரையும் பெட்ரோலையும் ஆவியாக விரட்டுகிறார்கள். பிறகு வெற்றிடத்தில், அதாவது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் நிலையில், அடிப்படை எண்ணெயை வடித்தெடுக்கிறார்கள். உலோகமும் கரியும் தார் போல அடியில் நின்றுவிடுகின்றன. எஞ்சிய நிறத்தையும் வாசனையையும் களிமண்ணால் உறிஞ்சியோ, ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டோ நீக்குகிறார்கள். முற்காலத்தில் கந்தக அமிலத்தை ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். அதில் மிஞ்சும் அமிலத் தார் ஆயிலைவிடப் பெரிய தலைவலி என்பதால் அந்த முறை கைவிடப்பட்டு வருகிறது. அமெரிக்கக் கணக்கின்படி, 159 லிட்டர் கொண்ட ஒரு பேரல் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் அளவு மசகு எண்ணெயை, வெறும் 3.8 லிட்டர் பழைய ஆயிலிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டிலும் கிடைப்பது ஏறத்தாழ 2.4 லிட்டர். கச்சா எண்ணெயின் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்கும் ஒரு நாட்டில் இதை அடுப்பில் போட்டு எரிப்பதை என்னவென்று சொல்வது? அப்படி எரிக்கும்போது துத்தநாகமும் பிற உலோகங்களும் புகையோடு வெளியே போகின்றன. தேநீர்க் கடை அடுப்புக்கும் சிறு சூளைக்கும் புகையை வடிகட்டும் கருவி ஏது?

ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களும் இறக்குமதி செய்பவர்களும், தாங்கள் விற்ற அளவில் ஒரு குறிப்பிட்ட பங்கு மறுசுத்திகரிக்கப்பட்டதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற பொறுப்பை 2023 செப்டம்பரில் அறிவித்த திருத்த விதிகள் சுமத்தின. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடும். அதன் விளைவு நம் தெருமூலை பேரல் வரை இறங்கிவந்தால், வியாபாரியின் வண்டி நேர்வழியில் போக ஒரு காரணம் கிடைக்கும். அதுவரை நான் செய்வது இதுதான்: ரசீது போட்டு, பதிவேட்டில் எழுதி, அனுமதி பெற்றவருக்கே பழைய ஆயிலைக் கொடுக்கும் பெரிய சர்வீஸ் சென்டர் எது என்று விசாரித்து, முடிந்தபோது அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது. வண்டியை அங்கே சர்வீஸுக்கு விடாதவனிடம் எல்லோரும் வாங்கிக்கொள்வதில்லை. கேட்டால் பாதிப் பேர் வாங்கிக்கொள்கிறார்கள். என்னுடைய நான்கு கேன்களும் அப்படித்தான் போயின.

கார் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கழற்றியதும் குப்பையில் போட்டால் உள்ளே நிற்கும் ஆயிலும் சேர்ந்து போகும். எஞ்சின் சூட்டோடு கழற்றி, தலைப்பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டு, ஓர் இரவு முழுவதும் கேனுக்கு மேல் கவிழ்த்து வைத்தால் பெரும்பகுதி இறங்கிவிடும். பிறகு அது பழைய இரும்பு. நம் சிறிய பைக்குகள் சிலவற்றில் கழற்றி எறியும் ஃபில்டரே இல்லை, கம்பிவலைச் சல்லடைதான் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. இன்னொன்று, மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்பது பல வண்டிகளில் வெறும் வழக்கம். வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். அதற்கு இரட்டிப்பான தூரம் சொல்லியிருந்தால், இடையில் அளவு பார்த்துக் குறைந்ததை ஊற்றிக்கொண்டு, பாதி ஆயிலை மிச்சப்படுத்தலாம். நான் இதை என் பைக்கில் மட்டும்தான் செய்கிறேன். ஸ்கூட்டரை ஓட்டுவது என் மகள். அதன் டிப்ஸ்டிக்கை அவள் ஒருமுறைகூட வெளியே இழுத்துப் பார்த்ததில்லை.

இனி ஐந்தாவது கேன். கார் ரேடியேட்டரில் கூலண்ட் மாற்றிய அன்று, இறக்கிய பச்சை நீரை வைக்க வேறு பாத்திரம் கிடைக்காமல், பாதி நிறைந்திருந்த ஆயில் கேனில் ஊற்றிவிட்டேன். கூடவே பிரேக் ஆயில் கொஞ்சம், பிரஷ் கழுவிய தின்னர் கொஞ்சம். எப்படியும் எல்லாம் கழிவுதானே என்ற சோம்பல். சர்வீஸ் சென்டரில் பேரலைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஒவ்வொரு கேனையும் ஒரு வெள்ளைத் துணியில் சிறிது சரித்துப் பார்த்தான். நான்கில் கறுப்பு வட்டம் விழுந்தது. ஐந்தாவதில், பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ விழுந்தது.

"இது வேண்டாம் சார், கலப்பு. இத ஊத்துனா பேரல் மொத்தமும் போயிரும்."

பெட்ரோலும் சிறிது நீரும் கொதித்துப் போய்விடும் ஆலைக்கு, கூலண்டில் உள்ள கிளைகாலும் தின்னரில் உள்ள கரைப்பான்களும் வேறு கணக்கு. ஒரு கேனுக்காக இருநூறு லிட்டரை இழக்க யாரும் முன்வரமாட்டார்கள். இத்தகைய கலவைக்கு உரிய இடம் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அபாயகரமான கழிவுகளுக்கான பொது நிலையம்தான். அங்கே தொழிற்சாலைகள் லாரியில் அனுப்பும். கோவையிலிருந்து நாலு லிட்டர் கேனைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவன் போய் நின்றால் என்ன செய்வார்கள் என்று கற்பனை செய்து பார்த்தேன்.

கேன் இப்போதும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் மேல் சிவப்பு மார்க்கரில் 'கலந்தது' என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன். அதன் அருகில் புதிதாக இரண்டு காலிக் கேன்கள், ஒன்றில் 'ஆயில் மட்டும்', மற்றொன்றில் 'கூலண்ட் மட்டும்'. இந்த முறை எழுதியது என் மனைவி.